கோப்பை கொண்டுவராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மொன்றியல் எக்ஸ்போஸ் அணிக்காக ஆடிய அனைவருக்கும்,

1969 ஏப்ரல் தொடக்கம் 2004 ஒக்டோபர் வரை, நீலம் வெள்ளை சிவப்பு மூன்றும் சேர்ந்த அந்தத் தொப்பியை ஒருநாளாவது தலையில் வைத்த எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் காலமாகிவிட்டீர்கள். இருப்பவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என்ன? கடன் உங்களிடம் பட்டது. சாட்சிக்கு என் ஆட்களை வைத்துக்கொள்கிறேன்.

பேஸ்போல் பழக்கமில்லாத வாசகருக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது மேஜர் லீக் அணி எக்ஸ்போஸ். 1967இல் மொன்றியலில் நடந்த உலகக் கண்காட்சியின் பெயரைத் தாங்கி 1969இல் களம் இறங்கியது. 36 பருவங்கள் ஆடியது. பருவம் முடிந்தபின் நடக்கும் கிண்ணச் சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான் போனது. உலகத் தொடர் என்று சொல்லப்படும் இறுதிக்கு ஒரு தடவையும் போகவில்லை. 2004 முடிந்ததும் அணியை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் வேறு பெயர் வைத்தார்கள். இவ்வளவுதான் வரலாறு. பெருமைப்பட ஒன்றுமில்லை என்று பார்ப்பவர்கள் சொல்லலாம்.

இந்த நகரத்தில் ஐம்பது வயது தாண்டிய இரண்டு ரசிகர்கள் சந்தித்தால் கதை இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று, 1981 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. மற்றது, 1994இல் நடக்காமலே போன உலகத் தொடர். செத்தவீட்டில் ஒப்பாரி சொல்வதுபோல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் குந்தியிருந்தவன்தான். இப்போது எனக்கு அலுத்துவிட்டது. நடக்காத ஆட்டத்தைப் பற்றி வருடக்கணக்காகக் கதைக்கிற நாங்கள், நடந்த ஆட்டங்களுக்காக உங்களுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எண்பதுகளின் நடுவில் அகதியாக இந்த நகரத்துக்கு வந்த தமிழர்களில் நானும் ஒருவன். பகலில் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பு. மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அங்கே அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு வானொலிப் பெட்டி. அதன் குமிழில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பது தலைமைச் சமையற்காரரின் கட்டளை. ஏப்ரல் பிறந்துவிட்டால் அதில் ஒரே குரல்தான், ஜாக் டூசே. எக்ஸ்போஸ் ஆட்டங்களின் பிரெஞ்சு வர்ணனையாளர். வகுப்பில் ஆசிரியை ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் ஒப்பிக்க வைப்பார். இரவில் டூசே அதே வினையைக் களத்தில் ஓட விடுவார், வழுக்க விடுவார், சுவரில் மோத விடுவார். வங்கியில் நின்று நாலு வார்த்தை கதைக்க வராத காலத்திலேயே, இடப்பக்கச் சுவரை நோக்கிப் போகிற பந்தை என்னால் பிரெஞ்சில் விவரிக்க முடிந்தது.

வருடத்துக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்டத் தினமும். ஊரில் சண்டை. அங்கிருந்து ஒரு கடிதம் எப்போது வரும், வருமா என்று எவருக்கும் தெரியாத காலம் அது. நீங்கள் மட்டும் ஒவ்வொரு மாலையும் சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள். தோற்றாலும் அடுத்த நாள் வந்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

நான் வருவதற்கு முந்திய காலத்தையெல்லாம் அந்தச் சமையற்காரர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். 1969 ஏப்ரல் 14ஆம் திகதி ஜாரி பூங்காவில் நடந்த முதல் உள்ளூர் ஆட்டம் அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பாடமாகிவிட்டது. பனி இன்னும் முழுதாகப் போகவில்லை. கரைந்த இடமெல்லாம் நிலம் பொதபொதவென்று கால் புதைகிறது. 29,000 பேர். எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், முந்திய வருடம் தேசிய லீக்கை வென்றவர்கள். மாக் ஜோன்ஸ் வேலி தாண்டும் ஹோம் ரன் ஒன்றும், மூன்றாவது பேஸ் வரை ஓடவைக்கும் டிரிபிள் ஒன்றும் அடிக்க, 8-7 என்று நேற்று முளைத்த அணி வென்றது. மூன்றாம் நாள், பிலடெல்பியாவில், பில் ஸ்டோன்மன் ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அணி பிறந்து ஒன்பதாவது ஆட்டம் அது. அந்தச் சாதனைக்காகப் பல தசாப்தம் காத்திருந்த பழைய அணிகள் உண்டு.

ஜாரி பூங்காவின் வலப்பக்க வேலிக்கு அப்பால் நகரசபையின் நீச்சல் தடாகம் இருந்தது. பிட்ஸ்பர்க்கின் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த பந்து அதற்குள் போய் விழுந்த கதையைச் சமையற்காரர் சொல்லும்போது, விழுந்தது எதிரியின் பந்து என்ற கவலையே அவர் முகத்தில் இருக்காது. இன்று அந்த இடத்தில் சர்வதேச டென்னிஸ் நடக்கிறது. பக்கத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன். எங்கள் சனம் கணிசமாகக் குடியிருக்கும் பகுதி அது. பின்னேரம் அந்தப் பூங்காவில் நடக்கப் போகிற தமிழ்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் மிதிப்பது மேஜர் லீக் மண் என்று?

ரஸ்டி ஸ்டோப், நீங்கள் நியூ ஓர்லியன்ஸ்காரர். செந்நிறத் தலைமுடி. இந்த ஊருக்கு வந்ததும் பிரெஞ்சு படிக்கப் புறப்பட்டீர்கள். ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. பையன்கள் தங்கள் மொழியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்ற வெட்கம்தான் காரணமாம். உங்களைப் 'பெரிய செம்மஞ்சள்' என்று செல்லமாக அழைத்தார்கள். மூன்று பருவம்தான் ஆடினீர்கள், பிறகு விற்றுவிட்டார்கள். 1979 ஜூலையில் திரும்பி வந்து துடுப்போடு நடந்தபோது 59,000க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்றார்கள். புதிதாக வந்தவன் இந்த ஊரின் மொழியைத் திக்கித் திக்கிப் பேசினாலும் ஊர் அவனை ஏற்றுக்கொள்ளும் என்பதை, நான் வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பே காட்டிவிட்டுப் போனவர் நீங்கள். 2018இல் நீங்கள் இறந்த செய்தியை இங்குள்ள பிரெஞ்சுப் பத்திரிகைகள் சொந்த வீட்டு இழவாகவே எழுதின.

அடுத்தது ஸ்டீவ் ரோஜர்ஸ். உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும், என் சக ரசிகர்கள் சார்பில். 1981 ஒக்டோபர் 19, ஒலிம்பிக் அரங்கம். லீக் இறுதியின் ஐந்தாவது ஆட்டம். 1-1 என்று சமநிலை. ஞாயிற்றுக்கிழமை மழையால் தள்ளிப்போன ஆட்டம். குளிர். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். லொஸ் ஏஞ்சலஸ் டோட்ஜர்ஸின் ரிக் மன்டே உங்கள் பந்தை நடுக்களச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். அத்தோடு முடிந்தது. அந்த நாளுக்கு இன்றுவரை 'நீலத் திங்கள்' என்றுதான் பெயர். சரி. அந்த ஒக்டோபரில் அதற்கு முன் என்ன நடந்தது என்று எவரும் சொல்வதில்லையே? பிலடெல்பியாவின் ஸ்டீவ் கார்ல்டன் அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்ச்சர்களில், அதாவது பந்தெறிபவர்களில், ஒருவர். அவரை நேருக்கு நேர் இரண்டு தடவை வென்றவர் நீங்கள். இரண்டாவது தடவை, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 3-0 என்று முடித்தீர்கள். வந்த மூன்றில் இரண்டு ஓட்டம் உங்கள் துடுப்பில் இருந்து வந்தது. பிறகு டோட்ஜர்ஸையும் மூன்றாவது ஆட்டத்தில் வென்றீர்கள். அதற்குப் பிறகுதான், போதிய ஓய்வில்லாமல், வழக்கமில்லாத இடத்தில், கடைசி இன்னிங்ஸில் உங்களை இறக்கினார்கள். நீங்கள் இல்லையென்றால் அந்தத் திங்கட்கிழமையே இந்த ஊருக்கு வந்திருக்காது. ஒரு பந்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது எங்கள் சின்னத்தனம்.

டிம் ரெயின்ஸ், 1987 மே 2 நினைவிருக்கிறதா? அந்தக் குளிர்காலம் உங்கள் ஒப்பந்தம் முடிந்திருந்தது. லீக்கின் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், ஆனால் ஓர் அணியும் தகுந்த தொகையோடு கேட்டு வரவில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசிவைத்த சதி அது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. விதிப்படி மே முதலாம் திகதிவரை எக்ஸ்போஸும் உங்களைச் சேர்க்க முடியாது. பயிற்சி முகாம் இல்லை, ஏப்ரல் முழுக்க ஆட்டம் இல்லை. மே 2ஆம் திகதி நியூயோர்க்கில் நேரே களம் இறங்கினீர்கள். முதல் தடவை துடுப்போடு வந்தபோதே மூன்றாவது பேஸ் வரை ஓடினீர்கள். பத்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க ஒரு ஹோம் ரன், ஒரே அடியில் நாலு ஓட்டம். ஐந்து வாய்ப்பில் நாலு அடி. 11-7 வெற்றி. டூசேயின் குரல் உயர்ந்தபோது சமையற்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். என் கை முழுக்கச் சவர்க்கார நுரை. அவருக்கு நான் யாரென்றே சரியாகத் தெரியாது. என் பெயரையும் ஒழுங்காகச் சொல்ல வராது. அன்றைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு கட்சி.

இந்த இடத்தில் யூப்பியையும் விட்டுவிட முடியாது. ஆரஞ்சு நிறச் சடை வளர்த்த அணியின் கோமாளிப் பொம்மை. 1989 ஓகஸ்ட் 23, டோட்ஜர்ஸுடன் 22 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டம். எதிரணி வீரர்கள் இருக்கும் இடத்தின் கூரைமேல் ஏறி யூப்பி போட்ட ஆட்டம் பொறுக்காமல் பயிற்றுநர் டொமி லசோர்டா நடுவரிடம் முறையிட, யூப்பியை வெளியேற்றினார்கள். மேஜர் லீக்கில் வெளியேற்றப்பட்ட முதல் பொம்மை என்ற பெருமை அதற்குத்தான். ஆட்டத்தை 1-0 என்று தோற்றோம். அது யாருக்கு ஞாபகம்?

இனி 1991 ஜூலை 28. டெனிஸ் மார்ட்டினெஸ், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விடுங்கள்.

பேஸ்போலில் ஓர் அணியை முடிக்க 27 பேரை அவுட்டாக்க வேண்டும். 27 பேர் வந்து, 27 பேரும் ஒரு பேஸைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனால் அது பூரண ஆட்டம். நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் அதுவரை பன்னிரண்டு பேருக்குத்தான் வாய்த்தது. நீங்கள் நிக்கராகுவாக்காரர். உங்கள் நாட்டிலும் சண்டை நடந்தது. குடி உங்களைக் கீழே தள்ளியது. பால்டிமோர் 1986இல் உங்களை எங்களிடம் தள்ளிவிட்டபோது, இவர் கதை முடிந்தது என்றுதான் எழுதினார்கள். குடியை விட்டு, கீழ்மட்ட லீக்கிலும் போய் எறிந்து, மெல்ல மெல்ல ஏறி வந்தீர்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லொஸ் ஏஞ்சலஸில் வெயில், மொன்றியலில் பின்னேரம். இரண்டு நாள் முன்புதான் அதே மைதானத்தில் மார்க் கார்ட்னர் ஒன்பது இன்னிங்ஸ் ஓர் அடியும் கொடுக்காமல் எறிந்து, பத்தாவதில் 1-0 என்று தோற்றிருந்தார். எங்கள் அணியின் தலையெழுத்து அப்படி. அதனால் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸ் தாண்டியும் நாங்கள் வாய் திறக்கவில்லை. டோட்ஜர்ஸின் மைக் மோர்கனும் அசையவில்லை. ஏழாவதில் அவர்களுடைய களத்தடுப்புப் பிசகி, லாரி வோக்கர் ஒரு டிரிபிள் அடித்து, இரண்டு ஓட்டம் வந்தது. அதுவே போதும். ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். கிறிஸ் க்வின் தூக்கி அடித்த பந்து நடுக்களத்துக்குப் போகிறது. மார்க்கிஸ் கிரிஸம் பின்னால் ஓடிப் பிடித்தார். எல்லோரும் உங்கள்மேல் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கமரா உங்களைத் தேடிப் பிடித்தபோது, வாங்கில் குனிந்து இருந்து அழுதுகொண்டிருந்தீர்கள்.

லத்தீன் அமெரிக்காவில் பிறந்த ஒருவர் எறிந்த முதலாவது பூரண ஆட்டம் அது. புள்ளிவிவரம் அப்படிச் சொல்லும். எனக்கு அதைவிட அந்தக் குனிந்த முதுகு முக்கியம். சண்டை நடக்கும் நாட்டில் இருந்து வந்த ஒரு மனிதன், தன்னைத் தானே ஒருமுறை தொலைத்த மனிதன், வெயிலில் நின்று 27 தடவை ஒரு பிழையும் விடவில்லை. அந்த வருடம் எனக்கு நல்ல செய்தி என்று வேறு எதுவும் வரவில்லை. அந்த ஒன்றுக்கு உங்களுக்கு நன்றி.

அதே செப்டெம்பரில் ஒலிம்பிக் அரங்கத்தில் இருந்து 55 தொன் கொங்கிறீட் பாளம் ஒன்று இடிந்து விழுந்தது. நல்லவேளை, கீழே ஒருவரும் இல்லை. பருவத்தின் மிச்ச ஆட்டங்களை எல்லாம் வெளியூர்களில் ஆடித் தீர்த்தீர்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி இதற்குமேல் நான் எழுதினால் மடலின் மரியாதை கெட்டுவிடும்.

1992 செப்டெம்பர் 27 அன்று நான் அங்கே இருந்தேன். பச்சை மெட்ரோவில் பை-நவ் நிலையத்தில் இறங்கினால் வெளிக்காற்றுப் படாமலே அரங்கத்துக்குள் நுழையலாம். அந்தச் சமையற்காரரும் வந்தார். கேரி கார்ட்டர் இந்த ஊரில் ஆடும் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். 8ஆம் இலக்கச் சட்டை, கட்சர், எந்நேரமும் சிரிப்பு. 1984 முடிவில் நியூயோர்க்குக்கு விற்கப்பட்டு, அங்கே 1986இல் கிண்ணமும் வென்று, கடைசியில் இங்கேயே திரும்பி வந்திருந்தார்.

எதிரணி சிகாகோ கப்ஸ். அவர்களுடைய வலக்களத்தில் நிற்பவர் ஆந்த்ரே டோசன், அதாவது கார்ட்டரோடு கூடவே எக்ஸ்போஸில் வளர்ந்தவர். ஏழாவது இன்னிங்ஸ்வரை ஓட்டமே இல்லை. கார்ட்டர், நீங்கள் துடுப்போடு வந்தீர்கள். அடித்த பந்து வலப்பக்கம் உயர்ந்து போனது. டோசன் பின்னால் ஓடினார், ஓடினார், அவருடைய தலைக்கு மேலால் போய் விழுந்தது. வோக்கர் ஓடி ஓட்டம் எடுக்க, நீங்கள் இரண்டாவது பேஸில் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்குப் பதில் ஓட இன்னொருவரை அனுப்பினார்கள். நீங்கள் வெளியே நடக்க, சனம் கதிரைகளைப் படபடவென்று அடித்தது. ஆட்டம் 1-0. உங்கள் வாழ்க்கையின் கடைசி அடிதான் அந்த ஒரே ஓட்டம். டோசனின் முழங்கால்கள் பழைய மாதிரி இருந்திருந்தால் அதைப் பிடித்திருப்பார் என்று சமையற்காரர் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அந்த முழங்கால்கள். டோசன், அவற்றைத் தின்றது எங்கள் மைதானம்தான். கொங்கிறீட்டுக்கு மேலே ஒரு மெல்லிய செயற்கைப் புல். பத்து வருடம் அதில் ஓடினீர்கள். 1987இல் தொகை எழுதாத ஒப்பந்தத் தாளைச் சிகாகோவிடம் நீட்டி, உங்கள் விருப்பம்போல் நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு நிஜப் புல்லுக்குப் போனீர்கள். அந்த வருடமே லீக்கின் தலைசிறந்த வீரர் நீங்கள். 2010இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் உங்கள் உருவத்துக்கு எக்ஸ்போஸ் தொப்பி வைத்தார்கள். உங்களுக்கு அதில் விருப்பமில்லை. 2023இல், தொப்பியைச் சிகாகோவுக்கு மாற்றுங்கள் என்று எழுதியே கேட்டீர்கள். இங்கே பலர் கோபித்தார்கள். எனக்குக் கோபமில்லை. தொப்பி யாருடையதாகவும் இருக்கட்டும். கால் போனது எங்களுக்காக.

கர்ட்டிஸ் பிரைட், உங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பிறவியிலேயே காது கேளாதவர். 1993 செப்டெம்பர் 17, முதலிடத்தில் இருந்த பிலடெல்பியாவைத் துரத்திக்கொண்டிருந்த நேரம், 45,000க்கும் மேல் சனம். ஏழாவது இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாக உங்களை அனுப்பினார்கள். முதல் பந்தையே அடித்து இரண்டாவது பேஸுக்கு ஓடினீர்கள். மேஜர் லீக்கில் உங்கள் முதல் அடி. இரண்டு ஓட்டம் வந்தது. சனம் எழுந்தது, இருக்கவே இல்லை. நீங்கள் அடுத்த பந்துக்குத் தயாராகக் குனிந்து நின்றீர்கள், நடப்பது தெரியாமல். மூன்றாம் பேஸ் பயிற்றுநர் ஜெரி மனுவேல் உங்களிடம் நடந்து வந்து, கூட்டத்தைக் காட்டி, தொப்பியைத் தூக்கு என்று சைகை செய்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தீர்கள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அதிர்வு நெஞ்சுக்குள் தெரிந்தது என்று பின்னர் சொன்னீர்கள். அதை உண்டாக்கிய கைகளில் என்னுடையவையும் இரண்டு.

1994க்கு வருகிறேன். 74 வெற்றி, 40 தோல்வி. பேஸ்போல் முழுவதிலும் அதைவிட நல்ல கணக்கு வேறெந்த அணியிடமும் இல்லை. சம்பளத்திலோ அடிமட்டத்தில் நிற்கும் அணி. ஃபெலிப்பே அலூ பயிற்றுநர். டொமினிக்கன் குடியரசில் பிறந்து மேஜர் லீக் அணியொன்றை நடத்திய முதல் மனிதர். அவருடைய மகன் மொய்செஸ், கிரிஸம், வோக்கர் மூவரும் வெளிக்களத்தில். கென் ஹில், பெட்ரோ மார்ட்டினெஸ் பந்தெறிய, கடைசி இன்னிங்ஸுக்கு ஜோன் வெட்டலண்ட். ஓகஸ்ட் 12ஆம் திகதி வேலைநிறுத்தம். செப்டெம்பரில் உலகத் தொடரையே ரத்துச் செய்தார்கள். ஒப்பாரி தொடங்கும் இடம் இதுதான், நான் இதைத் தாண்டிப் போகிறேன்.

ஏனென்றால் ஜூன் 27 நடந்தது. அட்லாண்டாவின் கிரெக் மடக்ஸ், அந்த யுகத்தின் பிட்ச்சர், எங்கள் அரங்கத்தில். மீசை முளைத்த பையனாகத் தெரிந்த கிளிஃப் ஃபுளொயிட் அவருடைய பந்தை வலப்பக்கத் தடுப்புக்கு அப்பால் அடித்தார். மூன்று ஓட்டம். இடமெல்லாம் நிறைந்திருந்த அரங்கம் அப்படிக் குலுங்கியதை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வோக்கர் செய்த கூத்தும் அதே வருடம்தான். ஏப்ரலில், லொஸ் ஏஞ்சலஸில். ஓரமாக வந்த பந்தைப் பிடித்து, மூன்று பேரும் அவுட் என்று நினைத்து, முன்வரிசையில் இருந்த சின்னப் பையன் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே நடக்கத் தொடங்கினார். இரண்டு பேர்தான் அவுட்! எதிரணி ஆள் ஓடிக்கொண்டிருக்கிறான். திரும்பி ஓடி வந்து, பையனிடம் இருந்து பந்தைப் பறித்து எறிந்தார். அடுத்த இன்னிங்ஸில் களத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பையனிடம் வேறொரு பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிரணியின் சனமே எழுந்து கைதட்டியது. எந்தக் கிண்ணத்துக்கு இதை மாற்றிக் கொடுப்பேன்?

1995 ஏப்ரலில் உங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். ஹில், வெட்டலண்ட், கிரிஸம் மூவரும் ஒரு வாரத்துக்குள் போனார்கள். வோக்கர் ஒரு சதமும் எங்களுக்கு வராமல் கொலராடோவுக்குப் போனார். அந்த வருட உலகத் தொடரின் கடைசிப் பந்தைப் பிடித்தவர் அட்லாண்டாச் சட்டை போட்ட கிரிஸம். அடுத்த வருடத் தொடரின் நாயகன் நியூயோர்க்கின் வெட்டலண்ட். 1997இல் மொய்செஸ் அலூ ஃபுளோரிடாவோடு வென்றார். ஊரெல்லாம் எங்கள் பிள்ளைகள் கிண்ணம் தூக்கினார்கள்.

பெட்ரோ, 1997இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கிய கையோடு உங்களையும் பொஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2004 ஒக்டோபரில், எங்கள் அணி கடைசி ஆட்டம் ஆடி மூன்றே கிழமையில், நீங்கள் பொஸ்டனோடு உலகத் தொடர் வென்றீர்கள். சம்பேன் நுரைக்குள் நின்றுகொண்டு, இனி அணி இல்லாத மொன்றியல் மக்களோடு இதைப் பகிர்ந்துகொள்கிறேன் என்றீர்கள். அந்த நேரத்தில் எங்களை நினைக்க வேறு யார் இருந்தார்கள்?

விளாடிமிர் கெரேரோவுக்கு நீண்ட பந்தி தேவையில்லை. நிலத்தில் குத்தி எழும்பிய பந்தையும் அடிப்பார், கையுறை போடமாட்டார், 2002இல் ஒரே ஒரு ஹோம் ரன் குறைந்ததால் ஒரே பருவத்தில் நாற்பது ஹோம் ரன்னும் நாற்பது பேஸ் திருட்டும் என்ற கணக்குக் கிடைக்காமல் போனது. தாயார் கூடவே வந்திருந்து அவருக்கும் கூட்டாளிகளுக்கும் சமைத்துப் போட்டார். இங்கே பிறந்த அவருடைய மகன் 2018 மார்ச்சில், ரொறொன்ரோச் சட்டையோடு இதே ஒலிம்பிக் அரங்கத்துக்கு வந்து, காட்சி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 1-0 என்று முடித்தார். எங்கள் தலைமுறைக்கு அது பேரப்பிள்ளை அடித்த அடி.

மொன்றியல் சனம் அணியைக் கைவிட்டுவிட்டது என்று வெளியூர்ப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. 1983இல் 23 இலட்சம் பேர் வந்த அரங்கத்துக்கு 2001இல் ஏழு இலட்சம் பேர்கூட வரவில்லை என்பது உண்மை. நல்ல வீரனை எல்லாம் விற்று, 2000ஆம் ஆண்டில் ஆங்கில வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாமல் ஆட்டம் நடத்தி, கடைசி இரண்டு வருடம் உள்ளூர் ஆட்டங்களில் ஒரு பகுதியைப் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோனால் எவன் வருவான்? 2004 செப்டெம்பர் 29, கடைசி உள்ளூர் ஆட்டம். 31,395 பேர் வந்தோம். 9-1 என்று தோற்றோம். எறியக்கூடாத பொருட்களைச் சிலர் களத்துக்குள் எறிந்தார்கள், அது தப்பு. மற்றவர்கள் வெளிச்சம் அணைக்கும்வரை எழும்பவில்லை. நீங்களும் உள்ளே போகவில்லை.

டூசே அன்றும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தார். 1972இல் இருந்து 2004வரை, கிளோட் ரேமண்டோடும் பிறகு ரொஜே புரூலோட்டோடும், உங்கள் ஒவ்வொரு பந்தையும் எங்கள் வீட்டுக்கும் சமையற்கட்டுக்கும் கொண்டுவந்தவர் அவர். உங்கள் ஆங்கில வர்ணனையாளர் டேவ் வான் ஹோர்னுக்குக் கூப்பர்ஸ்டவுன் 2011இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது கொடுத்தது, தகும். டூசேயின் பெயர் அந்த விருதின் இறுதிப் பட்டியலுக்குப் பல தடவை போயும் இன்னும் கிடைக்கவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ரெயின்ஸ், டோசன், வோக்கர், பெட்ரோ, கெரேரோ: நீங்கள் ஐந்து பேரும் அந்த மண்டபத்தில் இடம்பிடித்தவர்கள். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்கிறது. அடுத்த தேர்வு நேரத்தில் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.


மொன்றியலில் இருந்து உங்கள் ரசிகன்